மாட்டுங்காவும் தாராவியும்: நடந்து எட்டும் தொலைவின் வரலாறு

நகரத் திட்டமிடல் குறித்த அண்மைக்கால விவாதங்களில், 'எல்லாவற்றையும் நடந்தே அடையத்தக்க குடியிருப்பு' என்னும் கருத்து மிகுந்த மதிப்புடன் பேசப்படுகிறது. பள்ளி, கடை, மருத்துவர், ரயில் நிலையம், பூங்கா ஆகியவை வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடைக்குள் அமைய வேண்டும் என்பதே அதன் சாரம். வீடு விற்போரின் விளம்பரங்களிலும் இது இடம்பெறத் தொடங்கிவிட்டது. ஆயினும், இதனைப் புதிதாகக் கண்டறியப்பட்ட ஒன்றாகவும், வரைபடத்தைச் செம்மையாக வரைந்துவிட்டால் தானே விளைந்துவிடும் ஒன்றாகவும் கருதும் போக்கு வரலாற்றோடு பொருந்தவில்லை. இப்பதிவில் அதற்கான சான்றாக மும்பையின் இரு குடியிருப்புகளை எடுத்துக்கொள்கிறேன்.

மத்திய ரயில்வேயின் முதன்மைப் பாதையில் தாதருக்கு அடுத்து மாட்டுங்கா, அதற்கடுத்து சயான். பாதைக்குக் கிழக்கே மாட்டுங்கா, மேற்கே தாராவி. இரண்டிலும் தமிழர் நூறாண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். இரண்டுமே நடந்து வாழத்தக்க இடங்கள். ஒன்றை நகரத் திட்டமிடலின் நல்ல முன்மாதிரி என்கிறோம். மற்றொன்றை அகற்றி மாற்றியமைக்க வேண்டிய சிக்கல் என்கிறோம். தாராவியின் ஒரு பகுதிக்கு இன்றும் வழங்கும் பெயர் 'மாட்டுங்கா லேபர் கேம்ப்'. பாதையின் ஒருபுறம் காலனி, மறுபுறம் கேம்ப். இவ்விரு சொற்களுக்கும் இடையிலான தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

கொள்ளைநோயும் மேம்பாட்டு அறக்கட்டளையும்

1896ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் கொள்ளைநோய் (பிளேக்) கண்டறியப்பட்டது. நகரம் பெருமளவில் காலியானது. ஆலைகளும் துறைமுகமும் ஆளின்றித் தவித்தன. நெருக்கமான வீடுகளும் காற்றோட்டமின்மையுமே நோய்க்குக் காரணம் என்று அன்றைய அரசு கருதியதன் விளைவாக, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. நெருக்கமான பகுதிகளை இடித்து அகன்ற சாலைகள் அமைப்பதும், உழைப்பாளருக்கு ஒற்றை அறைகள் வரிசையாக அமைந்த 'சால்' கட்டடங்களை எழுப்புவதும், நகரின் வடபுறத்து வயல்வெளிகளில் புதிய புறநகர்களை உருவாக்குவதும் அதன் பணிகள்.

தாதர், மாட்டுங்கா, சயான், வடாலா ஆகியவற்றுக்கான திட்டங்கள் 1899, 1900ஆம் ஆண்டுகளில் வகுக்கப்பட்டன. தாதர்-மாட்டுங்காவில் 60,000 பேரையும், சயான்-மாட்டுங்காவில் அதே அளவு மக்களையும் குடியமர்த்துவது நோக்கம். மனைகளை விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது, கட்டடங்களின் உயரத்தைக் கட்டுப்படுத்துவது, சாலையோரம் மரம் நடுவது என்பன விதிகளாயின. அங்கே யார் வந்து குடியேறுவார்கள் என்பதில் மட்டும் அறக்கட்டளையின் கணிப்பு வேறாக இருந்தது. தோட்டம் சூழ்ந்த தனி வீடு கட்டிக்கொள்ளும் வசதி படைத்தோர் வருவர் என்று அது எதிர்பார்த்தது. அத்தகையோர் போதிய அளவில் வரவில்லை. மனைகள் பல ஆண்டுகள் காத்துக் கிடந்தன.

வந்தவர்கள் வேறு வகையினர். முதல் உலகப் போருக்குப் பின் பம்பாயின் வணிக நிறுவனங்களும் ரயில்வேயும் அரசு அலுவலகங்களும் விரிவடைந்தன. தட்டச்சரும் சுருக்கெழுத்தரும் கணக்கரும் தேவைப்பட்டனர். சென்னை மாகாணத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர்கள் வந்தனர். மனை வாங்கித் தனி வீடு கட்டும் வசதி அவர்களுக்கு இல்லை. மாத வாடகை தரும் வசதி இருந்தது. ஆகவே குத்தகைதாரர்கள் தனி வீட்டுக்கான மனையில் மூன்று தளக் கட்டடங்களை எழுப்பி, சமையலறையும் கழிவறையும் உள்ளடங்கிய 'பிளாட்' என்னும் புதிய வீட்டு வடிவத்தை வாடகைக்கு விட்டனர். 1920களிலும் 1930களிலும் மாட்டுங்காவை நிரப்பியவை இத்தகைய கட்டடங்களே. நகர்ப்புற வரலாற்றாய்வாளர் நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட நூல் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்கிறது.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. தோட்ட வீடுகளாகவே நிறைந்திருந்தால், மாட்டுங்காவில் அழகிய சாலைகள் இருந்திருக்கும், நடப்போர் இருந்திருக்கமாட்டார்கள். ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் மட்டும் வாழ்ந்தால் அங்கே காய்கறிக் கடை நிலைக்காது. நூறு குடும்பங்கள் வாழ்ந்தால் நிலைக்கும். கடை வந்த பின்னரே அதை நோக்கி நடக்கும் தேவையும் வரும். திட்டம் எதிர்பார்த்தபடி நிறைவேறாமையே மாட்டுங்காவை நடக்கும் ஊராக்கியது எனலாம்.

நடப்பதற்கான காரணங்கள்

இந்தியாவின் முதல் மின்சார ரயில் விக்டோரியா டெர்மினஸ் நிலையத்துக்கும் குர்லாவுக்கும் இடையே 1925 பிப்ரவரி 3 அன்று ஓடத் தொடங்கியது. கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கும் வடபுறக் குடியிருப்புகளுக்கும் இடையிலான பயண நேரம் சுருங்கியது. தாதரில் டிராம் வண்டிகளின் கடைசி நிறுத்தம் இருந்தது. பம்பாயில் டிராம் 1964 மார்ச்சில் நின்றுபோனது; ஆனால் 'டிராம் டெர்மினஸ்' என்பதன் சுருக்கமான 'தாதர் டி.டி.' இன்றும் மக்கள் வழக்கில் உயிரோடு இருக்கிறது. வண்டி மறைந்த பின்னும், அதை நோக்கி நடந்த பழக்கம் பெயராக எஞ்சியிருக்கிறது.

நிலையத்தை நோக்கிய அன்றாட நடையே மாட்டுங்காவின் முதுகெலும்பு. அந்த நடையின் வழியிலேயே பூக்கடையும் வாழையிலைக் கடையும் காப்பித்தூள் கடையும் உணவகமும் அமைந்தன. நிலையத்தை ஒட்டி 1942இல் தொடங்கப்பட்ட ராம நாயக்கின் உடுப்பி உணவகம் இன்றும் இயங்குகிறது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் உருவானது. விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் 1923இல் மாட்டுங்காவுக்கு இடம்பெயர்ந்தது. ரூயா கல்லூரி 1937இல் தொடங்கியது. கோயில்களும் பஜனை மண்டபங்களும் சங்கீத சபைகளும் அவற்றோடு சேர்ந்தன. தொடக்கப் பள்ளி முதல் கல்லூரிப் பட்டம் வரை ஒருவர் நடந்தே படித்து முடிக்கக்கூடிய ஊராக அது மாறியது. இதனால் பெரிதும் பயனடைந்தோர் பெண்கள் என்பதைத் தனியே குறிப்பிட வேண்டும். தொலைவிலுள்ள கல்லூரிக்கு மகளை அனுப்பத் தயங்கிய குடும்பங்கள், பத்து நிமிட நடையிலுள்ள கல்லூரிக்கு அனுப்புவதை மறுப்பது கடினம்.

இதே காலத்தில், 1929இல், நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக கிளாரன்ஸ் பெர்ரி 'அண்டை அலகு' என்னும் கோட்பாட்டை முன்வைத்தார். தொடக்கப் பள்ளி நடுவில். கால் மைல் ஆரத்தில், அதாவது ஏறத்தாழ 400 மீட்டருக்குள், வீடுகள். 5,000 முதல் 9,000 வரை மக்கள்தொகை. பெருஞ்சாலை எல்லையில் மட்டும். பிற்காலத்தில் 800க்கு 1,200 மீட்டர் அளவில் வகுக்கப்பட்ட சண்டிகர் 'செக்டர்' இக்கருத்தின் இந்திய வாரிசு. மாட்டுங்கா இக்கோட்பாட்டுக்கு முன்பே வகுக்கப்பட்டது. பெர்ரியின் அலகில் பள்ளி முதலில் வரையப்பட்டது; வீடுகள் அதைச் சூழ்ந்தன. மாட்டுங்காவில் மக்கள் முதலில் வந்தனர்; பள்ளியை அவர்களே கட்டிக்கொண்டனர்.

மற்றொரு காரணியையும் மறக்கலாகாது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் நிலவரத்தை அடிப்படையாகக் கொண்டு வாடகையை நிறுத்திவைத்தது. புதிய வாடகை வீடுகள் கட்டப்படுவதை அது முடக்கியது; பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் ஊக்கத்தையும் குறைத்தது. ஆனால், ஒரே வீட்டில் மூன்று தலைமுறை வாழவும் அது இடமளித்தது. கடைக்காரர் கடன் கொடுப்பதும், தெருவில் விளையாடும் பிள்ளையை யார் வீட்டுப் பிள்ளை என்று அடையாளம் காண்பதும் நீண்டகால வசிப்பினால் விளைந்தவை. நடந்து செல்லும் தெரு பாதுகாப்பானதாக அமைவதற்கு விளக்குக் கம்பம் மட்டும் போதாது. முகமறிந்த மனிதர்களும் வேண்டும்.

யார் நடக்கலாம்?

இதுவரை சொன்னவை மாட்டுங்காவின் சிறப்புகள். அவற்றின் மறுபக்கத்தைப் பேசாமல் அவற்றை மட்டும் போற்றுவது வரலாறாகாது.

தாதர்-மாட்டுங்கா, சமூகவாரியான காலனிகளாகவே வளர்ந்தது. மஞ்சர்ஜி ஜோஷியின் முயற்சியால் நடுத்தரப் பார்சிகளுக்கென 103 மனைகள் ஒதுக்கப்பட்டன. அருகிலேயே இந்துக் காலனி. மாட்டுங்காவின் தமிழ்க் குடியிருப்பிலும் பெரும்பான்மையோர் பிராமணர்கள். உணவுப் பழக்கம், ஆசாரம், மொழி ஆகியவற்றில் ஒத்தவர்களுக்கே வீடு என்பது எழுதப்படாத விதி. முகமறிந்த மனிதர்கள் சூழ்ந்த தெரு என்று மேலே பாராட்டியதன் விலை இது.

1924, 1925ஆம் ஆண்டுகளில் நடந்த வைக்கம் போராட்டத்தின் கோரிக்கையை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமையே அங்கே கேட்கப்பட்டது. நடத்தல் என்பது உடலியக்கம் மட்டுமன்று, சமூக அனுமதி என்பதை இந்திய வரலாறு அளவுக்குத் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறு இருக்க வாய்ப்பில்லை. பம்பாயின் பொதுச் சாலையில் அத்தகைய தடை சட்டப்படி இல்லை. அதனாலேயே கிராமத்தை விட்டு வந்தோருக்கு அந்நகரம் விடுதலையாகத் தோன்றியது. ஆனால் தடை முற்றிலும் மறைந்துவிடவில்லை. தெருவிலிருந்து வீட்டு வாசற்படிக்கு நகர்ந்தது. எந்தத் தெருவிலும் நடக்கலாம். எந்தத் தெருவிலும் வாடகைக்கு வீடு கிடைக்காது.

அம்பேத்கரின் முகவரிகள் இதை விளக்குகின்றன. அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தது பரேலில், இதே மேம்பாட்டு அறக்கட்டளை எழுப்பிய சால் கட்டடத்தில். 1930களில் தாதர் இந்துக் காலனியில் 'ராஜகிருகம்' என்னும் தம் வீட்டைத் தம் நூல்களுக்கும் இடமிருக்கும் வகையில் கட்டிக் குடியேறினார். உழைப்பாளருக்கென ஒரு நிறுவனம் கட்டிய ஒற்றை அறையிலிருந்து, நடுத்தர வர்க்கத்துக்கென அதே நிறுவனம் வகுத்த புறநகருக்கு அவர் சென்ற தொலைவு சில கிலோமீட்டர்தான். அத்தொலைவைக் கடக்க உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் தேவைப்பட்டன.

இவ்விடத்தில் மொழியியல் மாணவன் என்ற முறையில் ஒரு குறிப்பு. 'சேரி' என்பது சேர்ந்து வாழும் இடம் என்னும் பொருளுடைய பழந்தமிழ்ச் சொல். சோழர்காலப் பிரமதேய ஊர்களில் பிராமணர் வாழ்ந்த பிரிவுகளும் சேரிகள் எனப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி எனப் பல சேரிகள் வருகின்றன. நாளடைவில் முன்னொட்டுகள் உதிர, சொல் ஒரு சாராரின் வாழிடத்தை மட்டும் குறிப்பதாகச் சுருங்கியது. 'காலனி' என்னும் ஆங்கிலச் சொல்லின் கதையும் அத்தகையது. மும்பையில் அது கௌரவமான முகவரி. தமிழகக் கிராமங்களில் தலித் குடியிருப்பைச் சுட்டும் சொல். 2025இல் தமிழ்நாடு அரசு அதனை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. சேர்ந்து வாழ்தலைக் குறிக்கும் சொற்கள் நம்மிடம் மீண்டும் மீண்டும் விலக்கி வைத்தலைக் குறிக்கும் சொற்களாக மாறுவது தற்செயலன்று.

பாதைக்கு மேற்கே

தாராவி முதலில் கோலி மீனவர்களின் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழில் அங்கே வேரூன்றியது. நகருக்குள் துர்நாற்றம் தருவதாகக் கருதப்பட்ட தொழில்களை நகரின் விளிம்புக்குத் தள்ளியதன் விளைவு அது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர்கள் அத்தொழிலில் பெருமளவில் ஈடுபட்டனர். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவை அமைத்தனர். அறக்கட்டளையோ மனைவரிசையோ இல்லாமல், சதுப்பு நிலத்தை மக்களே மேடாக்கி வீடு கட்டினர்.

இன்று ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்பில் பல லட்சம் பேர் வாழும் தாராவியில், வாழ்வையும் தொழிலையும் பிரிக்கும் கோடு இல்லை. கீழே பட்டறை, மேலே வீடு. இடையே ஓர் இரும்பு ஏணி. கும்பார்வாடாவில் சூளை வீட்டுக்கு முன்னால். அப்பளம் இடும் பெண்கள் சந்திலேயே அவற்றை உலர்த்துகின்றனர். விடியலில் இட்லி அவித்து நகரெங்கும் விற்கச் செல்லும் தமிழர்கள் இங்கிருந்தே புறப்படுகின்றனர். ஒருவர் தைத்த தோல்பையை அடுத்த சந்தில் உள்ளவர் மெருகேற்றுகிறார். அதற்கடுத்த தெருவில் அது விற்கப்படுகிறது. சரக்கு கைமாறும் தொலைவு நடைத் தொலைவாக இருப்பதாலேயே குறைந்த முதலீட்டில் இத்தொழில்கள் நிலைக்கின்றன.

இங்கு எதையும் அழகுபடுத்திச் சொல்வது என் நோக்கமன்று. கழிப்பறைக்கான வரிசையும், மழைக்காலச் சாக்கடையும், ஒளி புகாத சந்துகளும் மெய்யானவை. அவை மாற வேண்டும் என்பதில் அங்கு வாழ்வோருக்கே ஐயமில்லை. ஆனால், மாற வேண்டியவை இவை என்று சொல்வதும், அத்துடன் நடைத் தொலைவில் பின்னப்பட்ட உறவுகளையும் சேர்த்து அழிப்பதும் ஒன்றல்ல.

இவ்வேறுபாட்டை நூறாண்டுகளுக்கு முன்பே சுட்டியவர் பாட்ரிக் கெடிஸ். 1914இல் இந்தியா வந்த அவர், மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட பல நகரங்களை நடந்தே ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறையின் பேராசிரியரானார். மேம்பாட்டு அறக்கட்டளைகள் நேர்கோட்டுச் சாலைக்காக நூற்றுக்கணக்கான வீடுகளை இடிப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, சந்துகளைச் சிறிதே அகலமாக்கி, மரமும் கிணறும் உள்ள திறந்தவெளிகளை மீட்டால் போதும் என்றார். உடலைக் காக்கும் அறுவை மருத்துவம் போன்றது அது என்பது அவருடைய உவமை. தாம் பணியாற்றிய நகரிலேயே அவர் கருத்து நடைமுறைக்கு வரவில்லை.

இன்றைய நிலை

இரு குடியிருப்புகளும் இப்போது ஒரே வகையான மாற்றத்தை எதிர்கொள்கின்றன. மாட்டுங்காவின் மூன்று தளக் கட்டடங்கள் இடிக்கப்பட்டுக் கோபுரங்கள் எழுகின்றன. குடும்பங்களின் எண்ணிக்கை கூடுவதனால் மட்டும் நடை கெடுவதில்லை. முன்பு சொன்னபடி, நெருக்கம் நடைக்குத் துணை. கெடுப்பது கீழ்த்தளத்தின் மாற்றம். கடையும் திண்ணையும் சன்னலும் இருந்த இடத்தில் பல அடுக்குக் கார் நிறுத்தமும் மதிற்சுவரும் காவலர் அறையும் வருகின்றன. தெருவைப் பார்த்திருந்த வீடு, தெருவுக்கு முதுகைக் காட்டுகிறது.

மாட்டுங்காவின் அம்பேத்கர் சாலை மேம்பாலத்தின் அடியில் 2016இல் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. நர்மதை ஆற்றின் போக்கைப் போல வளைந்து செல்லும் ஏறத்தாழ 600 மீட்டர் நடைபாதை அதில் உண்டு. பகுதி மக்கள் போராடிப் பெற்றது அது, பாராட்டத்தக்கது. ஆயினும் அது சொல்லும் செய்தியையும் கவனிக்க வேண்டும். தமிழில் 'நடை' வேறு, 'நடைப்பயிற்சி' வேறு. காய்கறி வாங்கவும் பள்ளிக்குச் செல்லவும் நடந்தது நடை. நடப்பதற்கென்றே தனி நேரமும் தனி இடமும் ஒதுக்குவது நடைப்பயிற்சி. கார்களுக்கு மேலே பாலமும் மனிதருக்கு அதன் அடியில் பூங்காவும் என்பது, முதலாவதை இழந்து இரண்டாவதைப் பெற்றதன் அடையாளம்.

தாராவியில் பணயம் இதைவிடப் பெரியது. நடைமுறையிலுள்ள மறுசீரமைப்பு விதிகளின்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு கிடைக்கும். அதன்பின் வந்தோருக்கும் மேல்தளத்தில் வசிப்போருக்கும் தாராவிக்கு வெளியே, வேறு நிபந்தனைகளுடன் வீடு. கீழே பட்டறையும் மேலே வீடுமாக வாழும் ஓர் ஊரில், மேல்தளத்தைத் தனியே பிரித்து வெளியே அனுப்புவது என்பது, ஏணியின் இரு முனைகளைப் பல கிலோமீட்டர் விலக்குவதற்கு ஒப்பாகும். கணக்கில் அவர்களுக்கும் வீடு கிடைத்துவிடும். அந்த வீட்டிலிருந்து நடந்து எட்டும் தொலைவில் வேலை இருக்குமா என்னும் கேள்வி எந்தத் தகுதிப் பட்டியலிலும் இல்லை.

மும்பைப் பெருநகரப் பகுதியின் பயணங்களில் ஏறத்தாழ பாதி முற்றிலும் நடையாகவே நிகழ்வதாக 2008இல் நிறைவுற்ற போக்குவரத்து ஆய்வு காட்டியது. அவர்களுள் பெரும்பாலோர் உடல்நலம் கருதி நடப்பவர்கள் அல்லர். கட்டணம் கொடுக்க இயலாததால் நடப்பவர்கள், அல்லது நடைத் தொலைவிலேயே வாழ்வை அமைத்துக்கொண்டவர்கள். வீட்டின் மதிப்பைச் சதுர அடியில் மட்டும் அளக்கும் கணக்கில் இவர்கள் இழப்பது பதிவாவதே இல்லை.

ஆகவே, நகரத் திட்டமிடலும் சமூக வரலாறும் பயிலும் மாணவர்கள் முன் ஒரு வேண்டுகோள். ஒரு குடியிருப்பை மதிப்பிடும்போது நடைபாதையின் அகலத்தை அளப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கே நடப்பதற்கு என்ன காரணம் இருக்கிறது, நடந்து எட்டும் இடத்தில் வேலையும் பள்ளியும் உண்டா, அத்தெருவில் வீடு கேட்டால் யாருக்குக் கிடைக்கும் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். முதலிரண்டு கேள்விகளில் மாட்டுங்காவும் தாராவியும் ஏறத்தாழ சமமாகத் தேறும். மூன்றாவதில் மாட்டுங்காவின் மதிப்பெண் குறையும். இடிக்கப்படுவதற்கு முன், தாராவியின் மதிப்பெண் பட்டியலையும் யாரேனும் ஒருமுறை முறையாக எழுதிவைக்க வேண்டும்.